சொல்லாமல் கிளம்பியவன்

வடக்கே காற்றாலையிலிருந்து விழுந்து வேல்ச்சாமி செத்தான். கம்பெனி அங்கேயே எரித்துவிட்டது. கூட வேலை பார்த்த சுடலைமுத்து, லீவில் வந்ததும் துக்கம் கேட்க அவன் வீட்டுக்குப் போனான். வேல்ச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் தலை நிறையப் பூவோடு சிரித்தாள்.

"வாங்கண்ணாச்சி. இப்பதான் அவுக போன்ல பேசுனாக. முதுகுவலி தேவலையாம்."

ஊர் ஊராய் அலைகிறவர்களுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று, அவர்கள் குரலிலேயே வீட்டுக்குத் தினமும் பேச கம்பெனி ஒரு இயந்திரம் வைத்திருந்தது. சுடலைமுத்து உட்பட எவனும் அதை வீட்டில் சொன்னதில்லை.

சுடலைமுத்து திரும்பினான். இழவு வீட்டிலிருந்து கிளம்புகிற பழக்கத்தில், சொல்லிக்கொள்ளாமல் வாசல் இறங்கி பைக்கில் ஏறினான்.

"என்ன அண்ணாச்சி, போயிட்டு வாரேன்னு சொல்லாம..."

பாதியில் நிறுத்திய பேச்சியம்மாள் ஓடிவந்து அவன் பைக்கைப் பிடித்தாள்.

"அப்ப எங்கிட்ட தினமும் பேசுறது யாரு?"