சத்தத்துக்கு மருந்து

பழைய ஆயில் முழுக்க வடிந்து, புது ஆயில் ஏறி, மெக்கானிக் சாவியைத் திருப்பியதும், நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து மினி லாரி கத்தியது.

பட்டறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். வால்வு தட்டும் சத்தம். யாரோ தகரக் கதவை விடாமல் தட்டுவது போல.

அலமாரியிலிருந்து, போன முறை ஊற்றிய அந்தக் குப்பியை எடுத்தார். ஆயிலோடு கலந்துவிடும் மருந்து, தேன் மாதிரி கெட்டி. ஊற்றினால் தேய்ந்த இடங்களில் போய்ப் பஞ்சு வைத்தது போல உட்கார்ந்துகொள்ளும். தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கும். சத்தம் வெளியே வராது.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம், மினி லாரியின் பக்கத்தில் நின்றிருந்த அவனைக் காட்டினார்.

"தம்பி எதுக்கு இதை ஊத்தச் சொன்னாரு தெரியுமா? வீட்டுக்காரம்மா அப்போ படுத்த படுக்கை. வண்டி சத்தத்துல அவங்க தூக்கம் கெடக்கூடாதாம். இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பாக்குறா?"

"எங்க வீட்ல நேர் எதிர்," என்றார் டிரைவர். "சத்தம் கேட்டாதான் அவளுக்குத் தூக்கமே வரும். சனியன் வந்து சேந்துடுச்சு, இனி தாப்பா போடலாம்னு."

இருவரும் சிரித்தார்கள்.

அவன் காலடியில் கிடந்த நட்டு ஒன்றை எடுத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தான்.

இந்தப் பாராட்டு அவனை விடுவதாக இல்லை. மாடி வீட்டுக்காரர் சொன்னார். எதிர்வீட்டுப் பெண் தன் புருஷனைத் திட்டும்போதெல்லாம் அவனை இழுத்தாள். மனைவி போன இந்த மூன்று வாரத்தில் துக்கம் கேட்க வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள்.

எல்லோருக்கும் அவன் தலையை ஆட்டினான்.

இன்று மாலை பஸ்ஸில் அத்தை ஊருக்குக் கிளம்புகிறாள். மனைவியின் அம்மா; ஆறு மாதம் மகளுக்கு ஊட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவள். பெட்டியைக் கட்டியாகிவிட்டது. அவள் பஸ் ஏறுவதற்குள் அவளிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் தொண்டை வரை வந்து திரும்பிப் போகிறது.

வந்தவர்களிடமெல்லாம் அத்தையும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு சொல் மாறாமல்.

"கடைசியில அவளுக்கு நினைவு தப்பிடுச்சு. மூச்சு வாங்குதேன்னு மாப்பிள்ளைக்குப் போன் போட எடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. 'வேணாம்மா, அவர் வந்துட்டாரு, கொஞ்ச நேரம் இருந்துட்டு வரட்டும்'ங்குறா. வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அரைமணி நேரம் கழிச்சுதான் இவர் வந்தாரு. அதுக்குள்ள..."

அங்கே நிறுத்துவாள். பிறகு, "எம்புள்ள என்னைக்கூட அடையாளம் தெரியாமதான் போயிருக்கும்," என்பாள்.

எஞ்சினில் மருந்து ஊற்றுவதற்கு முன்பெல்லாம், வண்டி இரண்டு தெரு தள்ளி வரும்போதே மனைவிக்குக் கேட்டுவிடும். அத்தைக்கு ஒன்றும் கேட்காது. இவள் தலையணையை உயர்த்தச் சொல்லி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலியே இல்லாதவள் போல ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருப்பாள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

மெக்கானிக் குப்பியின் மூடியைத் திருகினார். "ஊத்திடவா தம்பி?"

"வேணாண்ணே."

"கத்துமே."

"கத்தட்டும்."

"அதுவும் சரிதான், இனிமே வீட்ல யாரு..." மெக்கானிக் மீதியை விழுங்கினார். மூடியைத் திரும்ப இறுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

வழியெல்லாம் வண்டி ஊரைக் கூட்டியது.

வீட்டுத் தெரு திரும்பும் வளைவில், மரத்தடியில், ஆயில் சொட்டிச் சொட்டித் தரை கறுத்திருந்தது. ஒரு தட்டு அகலத்துக்கு. அங்கே வந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போனது. காலை எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து வீட்டு வாசலுக்கு நாற்பது தப்படி. ஒரு நாள் எண்ணியிருக்கிறான்.

அத்தை கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். வெளுத்த நீலப் புடவை, பயணத்துக்கு வாரிய தலை.

எஞ்சினை அணைக்காமல், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அத்தை காதருகே கையைக் குவித்துக்கொண்டு வண்டியின் கதவு வரை வந்தாள். "என்ன மாப்பிள்ளை? இந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல."

விட்டுவிடலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றால் போதும். அவளும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

சாவியைத் திருப்பினான். தெரு அடங்கியது.

"அவளுக்கு நினைவு தப்பல, அத்தை," என்றான். "எப்பவும் போல அன்னைக்கும் நான் வளைவுல வண்டியை நிறுத்திட்டு, அந்த அரைமணி நேரமும் உள்ளேயே உக்காந்திருந்தேன்."