மூன்றாவது சுண்டல்

கோடை விடுமுறையில் அணைக்கரை நிரம்பி வழியும். கொடுவா மீன் பிடிக்க வந்தவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பதால் தூண்டில் நரம்புகள் சிக்கிக்கொள்வது சகஜம். அதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சிக்கியவர் நரம்பை இரண்டு தடவை சுண்டுவார். மறுமுனைக்காரர் பதிலுக்கு இரண்டு தடவை சுண்டுவார். அங்கே வழக்கமாக வரும் வெல்டர் ஒருவரின் தம்பி மட்டும் வம்புக்கென்றே மூன்று தடவை சுண்டுவான்.

போன கோடையில் சிக்கெடுக்க இறங்கிய தம்பி கரையேறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. "நீயே இறங்கி எடுடா" என்று அனுப்பியது வெல்டர்தான்.

இன்று மதகு திறக்கப்போவதாகச் சங்கு ஊதியது. எல்லாரும் தூண்டிலை மேலே எடுத்துவிட்டார்கள். வெல்டருடையது மட்டும் எதிலோ சிக்கி வர மறுத்தது. கைப்பழக்கத்தில் இரண்டு தடவை சுண்டினார்.

"யாருதுப்பா இது?"

"எங்களுது எல்லாம் மேலதாண்ணே இருக்கு," என்றார் பக்கத்திலிருந்த தபால்காரர். "மதகு இழுக்க ஆரம்பிச்சிடும். இந்தாங்க கத்தி, அறுத்து விட்டுட்டு வாங்க."

வெல்டர் கத்தியை வாங்கினார். அப்போது நரம்பு சுண்டியது. ஒன்று. இரண்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மூன்று.

கத்தியைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரிடா, சரிடா," என்று சலித்துக்கொண்டார். "இந்தத் தடவை நானே இறங்குறேன்."

செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தார்.