கடப்பாரை வந்த காலை

ஒரு பழைய சுண்ணாம்புச் சுவரும் அதில் பதிந்திருந்த தேக்கு ஜன்னலும் ஓயாமல் சண்டை போட்டன. ஜன்னல் திறக்க மறுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நீ உப்பிவிட்டாய். அதான் மாட்டிக்கொண்டாய்," என்றது சுவர்.

"உப்பினது நானா? நீதான் சரிந்து என் தோளில் உட்கார்ந்திருக்கிறாய்."

"பிடிக்காவிட்டால் போயேன். அலுமினியம் வரிசையில் நிற்கிறது."

வீட்டுக்காரரும் அதையேதான் நினைத்தார் போலும். ஒரு காலையில் ஜன்னலைப் பெயர்க்கக் கடப்பாரை வந்து சுவரில் சாய்ந்தது.

"முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூக்கை நுழைத்தால் ஜன்னல் மட்டும் வராது. பக்கத்துச் சுண்ணாம்பும் மேலே உள்ள செங்கல்லும் சேர்ந்துதான் வரும். அப்புறம் என்னிடம் அழக் கூடாது," என்றது அது.

சுவரின் குரல் இறங்கிவிட்டது. "இரப்பா, என்ன அவசரம்? இது நல்ல ஜன்னல்தான்."

"இந்தச் சுவரும் ஒன்றும் மோசமில்லை," என்றது ஜன்னல்.

அதைக் கொண்டுவந்த ஆசாரி, கடப்பாரையைத் தொடுமுன் ஜன்னலின் ஓரத்தில் உளியால் சுரண்டிப் பார்த்தார். பச்சை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே மஞ்சள். பொங்கலுக்குப் பொங்கல் கதவையும் சட்டத்தையும் சேர்த்துப் பூசிய பெயிண்ட் பசையாக ஒட்டியிருந்தது. சுரண்டி முடித்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னல் திறந்துகொண்டது.

கடப்பாரை ஆசாரியின் தோளில் ஏறிப் போனது.

"போய்த் தொலைந்ததா, எட்டிப் பார்," என்றது சுவர்.

"போய்விட்டது. எதிர்வீட்டில் ஒரு கதவும் நிலையும் கத்திக்கொண்டிருக்கின்றன. அங்கே நுழைகிறது."

"அட பாவமே," என்றது சுவர். "நீயும் கத்து. முதலில் பெயிண்டைச் சுரண்டச் சொல்."