புதுத் தட்டணுக்கள்

இதய அறுவைக்குப் பிறகு, ரத்தத்தை உறையவைக்கும் புதுத் தட்டணுக்கள் ஞானதுரையின் உடலில் எவ்வளவு உருவாகின்றன என்பதை, கையில் ஒட்டிய வில்லைக் கருவி மணிக்கொருமுறை மருத்துவமனைக்குச் சொல்லிவிடும். எண் கூடினால் ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். இருமுறை போய்வந்தவர், மகள் கல்யாணத்தன்றும் வந்துவிடுமோ என்று பயந்தார்.

"இன்னைக்கு ஒருநாள் நான் ஒட்டிக்கிறேன்," என்று மனைவி ஜெயசீலி அதை உரித்துத் தன் கையில் ஒட்டிக்கொண்டாள்.

சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"ஐயா, தட்டணு எகிறுது. எந்நேரமும் ரத்தம் கட்டிக்கும். அசையாமப் படுங்க, வண்டி வருது."

"அது நான் இல்லம்மா..." ஞானதுரை மாடிப்படிப் பக்கம் திரும்பினார். "ஜெயசீலி!" என்று கத்தினார்.

"இதோ வரேங்க," என்றாள் மாடியிலிருந்து. படியிறங்கிய காலடிச் சத்தம் பாதியில் நின்றது.