முப்பத்தொன்றாவது நிமிஷம்

“கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்களே!”

தையல்காரம்மா ரிமோட்டைத் தூக்கி எறியாததுதான் குறை.

எப்போதும் டிவி போடுவது அவள் புருஷன்தான். இந்த ஞாயிறு அவள் முந்திக்கொண்டதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மதியம் இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய ஒன்பதாம் பாகத்துக்குக் கீழே, கடைசிவரை சிவப்புக் கோடு. யாரோ முழுசாகப் பார்த்து முடித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

“அது வந்து... வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் சீக்கிரம் முடிஞ்சுது. சும்மா போட்டேன்...”

பஸ் டிரைவரான அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சேர்ந்துதான் பார்க்கணும்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணது யாரு? பக்கத்து வீட்டுப் பூனையா?”



மகள் போனபிறகு ஒரு வருஷம் அந்த வீட்டில் டிவி வாய் திறக்கவில்லை. தையல்காரம்மாவும்தான். தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் டிராகன், இளவரசி என்று அளந்துகொண்டே இருக்க, ஒருநாள், “அப்படி என்னதான் கதை அது?” என்று கேட்டுவிட்டாள். மறுநாளே டிரைவர் அந்த விலை கூடின ஓடிடி சேனலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார்.

வாரம் ஒரு பாகம். மெல்ல மெல்ல அவளுக்குச் சிரிப்பு திரும்பியது.

“அது மட்டுமா? நல்ல கட்டம் வரும்போதுதான் உங்களுக்கு டீ வேணும். மாடியில துணி நனையுதும்பீங்க. ஓடிப் போய்ப் பார்த்தா வெயில் பல்லைக் காட்டும்! நான் திரும்பி வர்றதுக்குள்ள பாதிக் கதை பறந்து போயிருக்கும். எல்லாம் முன்னாடியே பார்த்துட்ட மிதப்பு!”

“தப்புதாம்மா.”

தலையைச் சொறிந்தபடி குளிக்கப் போனார்.

கோபம் ஆறாமலே அவருடைய யூனிஃபார்ம் சட்டையை ஊறப்போட எடுத்தாள். பையில் மடித்த துண்டுத்தாள். அவருடைய கோணல் எழுத்து.

‘பாகம் 4 – 22ஆவது நிமிஷம். பொம்மையோட குழந்தை தொலையுது. டீ கேக்கணும்.

பாகம் 7 – 40. தொட்டில் எரியுது. மாடித் துணி.

பாகம் 9 – 31. குட்டி இளவரசிக்குக் காய்ச்சல். பிழைக்கல. தண்ணி கேக்கணும். ஆறு நிமிஷம் ஆகணும். பாட்டில் எல்லாத்தையும் முன்கூட்டியே காலி பண்ணி வைக்கணும்.’

சமையலறையை எட்டிப் பார்த்தாள். பாட்டில்கள் ஐந்தும் காலி.

அவர்கள் மகளுக்கும் காய்ச்சல்தான். ஆறு வயசு.

தாளை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தாள்.

மதியம் ஒன்பதாம் பாகம் ஓடியது. முப்பது நிமிஷம் ஆனதும் டிரைவர் தொண்டையைச் செருமினார்.

“அம்மாடி... குடிக்கக் கொஞ்சம் தண்ணி...”

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து நிறைசொம்பை எடுத்து நீட்டினாள்.

அவர் சொம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். திரையில் இளவரசியின் படுக்கை வந்துவிட்டது.

அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“முதல்ல ஒரு தடவை, என்னை அனுப்பிட்டு இன்னொரு தடவைன்னு, இந்த மாதிரிக் கட்டம் ஒவ்வொண்ணையும் தனியாவே ரெண்டு தடவை பார்த்திருக்கீங்க. இதை மட்டும் சேர்ந்து பார்க்கலாம்ங்க.”