தண்ணீர் என்று நம்பி

பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு கறுப்பு டாக்சி நிற்கிறது. பிறந்த தன் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகவேண்டுமென்று டிரைவர் முந்தாநாள்தான் முகம் தெரிகிற அளவுக்கு அதற்குப் பாலிஷ் போட்டான். நேற்று விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது அந்தி வெளிச்சம் பானெட்டின் மேல் ஆற்றைப் போலவே கிடந்து மினுங்குகிறது. ஆற்றிலிருந்து எழுந்த, ஒரு நாளே உயிர்வாழும் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக அதில் இறங்கி, நூல் போன்ற வாலைத் தாழ்த்தி, தகரத்தைத் தண்ணீர் என்று நம்பி மஞ்சள் மஞ்சளாக முட்டையிடுகின்றன. நாள் முழுக்க வெயில் குடித்த தகரம். முட்டைகள் விழுந்த இடத்திலேயே காய்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அவன் துணியை எடுத்து அழுத்தி அழுத்தித் துடைக்கிறான். "சனியனுங்க, வேற எடமே கெடைக்கலியா?" குரல் உடைகிறது. பின்சீட்டில் வெறும் மடியோடு உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி கண்ணாடியை இறக்குகிறாள். "விடுங்க. அதுங்களுக்கு என்ன தெரியும்? தண்ணின்னு நெனச்சிடுச்சுங்க." அவன் கை அப்படியே நிற்கிறது. துணியிலும் முட்டைகள். "போலாமா?" என்கிறான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் தலையை ஆட்டுகிறாள். சால்வையை இழுத்து மார்பை மூடிக்கொள்கிறாள். சற்று நேரத்தில் சால்வையும் பாலில் நனைகிறது.