மகள் சாயல்

பாண்டிச்சேரி டாக்டர் என் மகள் அம்சவல்லியின் தாடையை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கொஞ்சம் முன்னால நீண்டிருக்கு. வெட்டி உள்ள தள்ளிடலாம்."

"எனக்கில்லீங்க," என்றாள் அவள். "எங்கப்பாவுக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் அந்த இடத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. உதடு முடிந்தால் கழுத்துதான்.

எனக்கும் ஒரு தாடை இருந்தது, சின்ன வயசில் அடித்த புயலில் பறந்துபோய்விட்டது, இந்தப் பாண்டிச்சேரியில்தான் எவனோ மாட்டிக்கொண்டு திரிகிறானாம் என்றேன்.

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"இந்த வயசுல எதுக்கு பெரியவரே?"

"என் பொண்ணு சாயல் வரணும்ங்க."

போன மாதம் வானூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு இவளைப் பிடித்தது. இவளுக்கும் பையனைப் பிடித்தது. பையனின் அத்தை திரௌபதி மட்டும் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. தாடைதான் யார் சாயல்னு தெரியல. அதைச் சரிபண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க."

மரக்காணத்தில் அதற்குப் பதில் தெரியாதவர் கிடையாது. உப்பளத்தில் முன்பு கணக்கு எழுதிய தட்சணாமூர்த்திக்கு அப்படியொரு தாடை. ஆள் செத்து வெகுகாலம். தாடையை மட்டும் ஊர் இன்னும் அடக்கம் பண்ணவில்லை. கடல் உள்ளே வந்து உப்புப் பாத்தியெல்லாம் சேறாக்கிப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேசுவதற்கு அது போதவில்லை அவர்களுக்கு.

அம்சவல்லி பிறப்பதற்கு முந்தின வருஷம் நான் வேதாரண்யத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். வருஷம் பூராவும். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பினால் நடுச்சாமத்துக்கு மரக்காணம். என் பெண்டாட்டி சாலம்மாள் கையால் மீன்குழம்பு. கோழி கூவுமுன் திரும்பிப்போய்ப் பாத்தியில் நிற்பேன். ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு நேரே ஒரு திமிங்கிலம் வழிவிடமாட்டேன் என்று தகராறு செய்தது.

இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் திமிங்கிலம் வருகிறவரைக்கும் நம்பினார்கள்.

அத்தைக்காரி பேசிவிட்டுப் போன நாளிலிருந்து சாலம்மாள் தெருக்குழாய்க்குப் போவதில்லை. எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள்.

"என் தாடையில எவனும் கை வைக்கக் கூடாது," என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள் அம்சவல்லி. "கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"நீ ஏன் கை வைக்க விடணும்? சாயல் ஒத்துப்போகணும், அவ்ளோதானே. நான் வச்சுக்கறேன்."

"உங்க மூஞ்சி ஊருக்கே தெரியும்பா. சிரிப்பாங்க."

"தெரிஞ்சவங்கதான் பாக்கணும். தாடையை நீட்டிக்கினு அவங்க எதிர்ல தினம் நடப்பேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, என் தாடை எலும்பையே அறுத்து முன்னால் இழுத்து, தகடு வைத்துத் திருகிவிடுவது. இன்னொன்று, சிலிகானில் தாடை மாதிரி ஒரு துண்டு. வாய்க்குள் கீறி உள்ளே சொருகித் தைத்துவிடுவது.

"எலும்பு அறுத்தா வலி ஜாஸ்தி. ஆனா உங்க சொந்த எலும்பு. சிலிகான், என்ன இருந்தாலும் வெளியிலேருந்து வர்றது."

"சொந்தமே இருக்கட்டும்பா," என்றாள் அம்சவல்லி.

கீழே போய் மரக்காணத்துக்கு எப்போது பஸ் என்று கேட்டுவரச் சொன்னேன்.

"அது எந்நேரமும்தான் இருக்குது."

"அதையே கேட்டுக்கினு வா."

முறைத்துவிட்டுப் போனாள். கதவு சாத்துகிறவரை காத்திருந்தேன்.

"வெளியிலேருந்து வர்றதை உடம்பு ஏத்துக்குமா டாக்டர்?"

"ஏத்துக்கும். கொஞ்ச நாள்ல சதை சுத்திப் பிடிச்சுக்கும். அப்புறம் உங்களாலயே தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது."

"அப்ப அதையே வைங்க."

"நல்லா யோசிச்சீங்களா? வேணாம்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேங்க. எனக்கு அதுல அனுபவம் இருக்குது."

அவர் பேனாவைத் திறந்தார். மயக்க மருந்து கொடுப்பதற்காகச் சில கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, இழுப்பு உண்டா. இல்லை, இல்லை என்றேன்.

"எதுக்காவது பயப்படுவீங்களா?"

"கடலுக்குத்தான். கட்டுமரத்துல இந்நாள் வரைக்கும் கால் வச்சதில்லீங்க."

அதை அவர் எழுதிக்கொண்டார்.